அரியர் முதல் ஆஃபர் லெட்டர் வரை: கல்லூரி மாணவர்களும் புதிய பட்டதாரிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும், படித்து முடித்து ஓரிரு வருடம் ஆனவர்களுக்கும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறோம். அண்ணனோ அத்தையோ ஏற்கெனவே படித்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிற விஷயங்கள், மற்ற வீடுகளில் ஒரு தேதி தவறிய பிறகுதான் தெரியவருகின்றன. திறமை இல்லாமல் வீணாகும் வருடங்களைவிட, விதி தெரியாமல் வீணாகும் வருடங்களே அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டிகிரி முடித்தும் வேலை இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்களே. பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. கிட்டத்தட்ட பாதிப் பேர் கல்லூரிக்குப் போகும் மாநிலத்தில், பட்டம் மட்டுமே ஒருவரைத் தனித்துக் காட்டாது. உங்கள் அப்பா காலத்தில் ஊருக்கு ஒரு பி.ஏ. இருந்தபோது அதற்கு இருந்த மதிப்பை இன்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பட்டம் இல்லாவிட்டால் சில கதவுகள் திறக்கவே திறக்காது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வு எல்லாவற்றுக்கும் பட்டம் கட்டாயம். தனியார் நிறுவனங்களில் ஆரம்பத்தில் பட்டம் கேட்காத வேலைகளில்கூட, மேற்பார்வையாளராக உயரும்போது கேட்பார்கள். பட்டம் உங்களைத் தகுதிப் பட்டியலில் சேர்க்கும். அதற்கு மேல் உங்களை எடுத்துச் செல்வது கையில் உள்ள ஏதாவது ஒரு திறன். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

பட்டதாரிகளிடையே வேலையின்மை கூடுதலாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டாவது படித்தவர் அடுத்த நாளே கிடைத்த வேலைக்குப் போய்விடுவார், கணக்கில் வேலையில்லாதவராக வரமாட்டார். பட்டதாரி படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருப்பார். எனவே அந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தங்கையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் பணம் எனக்கு வரவில்லை. தோழிக்கு வருகிறது. ஏன்?

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராததற்கு மிகச் சாதாரணக் காரணம் வங்கிக் கணக்குதான். இந்தப் பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு சீடிங் (அரசுப் பணம் வந்து சேரும் வங்கியாக இணைப்பது) செய்யப்பட்டதோ அங்கே போகும். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு தொடாமலே செயலிழந்த கணக்கு ஒன்று இருக்கலாம். பணம் அதற்குப் போய்த் திரும்பியிருக்கும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். இப்போது பயன்படுத்தும் வங்கிக்குப் போய், "நேரடி மானியத்துக்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று அதே சொல்லால் கேட்டுப் படிவம் கொடுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது வேறு, சீடிங் வேறு. கவுன்டரில் இருப்பவரே இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

அடுத்த காரணம் பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பாவின் முழுப் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் எங்காவது ஓரிடத்தில் தடங்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். இதை முதல் வருடத்திலேயே முடித்துவிட்டால் வேலையில் சேரும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அலைய வேண்டியதில்லை.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெறாத குடும்பத்தில் ஒருவருக்கு. அண்ணன் பட்டம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை விசாரித்துத் தரும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் கல்வித் தகுதிக்கும் ஆதாரம் கேட்பார்கள். படிப்பை நிறுத்தியவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடுவதில்தான் நாள் போகும். எனவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடனே வேலையைத் தொடங்குங்கள். இந்தச் சான்றிதழால் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்கு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5% ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அவர்களுக்கு இந்தச் சான்றிதழின் தேவை குறைவு.

வருகைப்பதிவு 75%க்குக் கீழே போய்விட்டால்?

அண்ணா பல்கலைக்கழக விதிகளில் 75% கட்டாயம். உடல்நலக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குச் சான்று கொடுத்தால் 65% வரை தளர்வு உண்டு. அதற்கும் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்க நேரும், ஒரு வருடம் போகும். 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் உங்களுக்கு இருப்பது 22 நாள்தான். இரவு வேலைக்குப் போகிறவர்கள் காலை முதல் வகுப்பைத் தொடர்ந்து விடுவதால்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நிலை இருந்தால் துறைத் தலைவரிடம் செமஸ்டர் நடுவிலேயே சொல்லிவிடுங்கள். ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவச் சான்றை உடல் தேறித் திரும்பிய அன்றே கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரே பேப்பரில் திரும்பத் திரும்ப அரியர் விழுகிறது. எப்படித்தான் தாண்டுவது?

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு இரண்டும் சேர்த்து 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45% வேண்டும். 100-க்கு எழுதும் தாளை 60-க்கு மாற்றுவார்கள். உள்மதிப்பீட்டில் 23 வைத்திருப்பவர் தாளில் 45 எடுத்தாலே போதும். 20 இருந்தால் 50 வேண்டும். 15தான் இருந்தால் 59 வேண்டும். உள்மதிப்பீட்டில் விட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தாளில் சுமார் 1.7 மதிப்பெண் அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அசைன்மென்டை அலட்சியம் செய்யாதீர்கள். மூன்றாம் முயற்சியிலிருந்து உள்மதிப்பீடு சேர்ந்தும் தேறாவிட்டால், செமஸ்டர் தேர்வில் மட்டும் 50% எடுத்தாலே தேர்ச்சி. தன்னாட்சிக் கல்லூரிகளில் இவை மாறும். உங்கள் கல்லூரி விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி தாள். இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10, அதாவது ஒரு யூனிட்டுக்கு 2. பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் 5, யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று தேர்வு உண்டு. கடைசியாகப் பதினைந்து மதிப்பெண் ஒன்று. ஐந்து யூனிட்டையும் மேலோட்டமாகப் புரட்டுகிறவர் ஒவ்வொரு பெரிய கேள்வியிலும் 5, 6 வாங்கி 40-இல் நின்றுவிடுவார். மூன்று யூனிட்டை முழுமையாகப் படித்து, ஐந்து யூனிட்டுக்கும் இரண்டு மதிப்பெண் பதில்களைத் தயார் செய்தவருக்கு 3 பெரிய கேள்விகளில் தலா 10 என 30, சிறு கேள்விகளில் 14, மீதி மூன்று கேள்விகளிலும் தெரிந்ததை எழுதி ஒரு 6 முதல் 10. உள்மதிப்பீடு 20 இருந்தால் தேறிவிடுவார். எந்த மூன்று யூனிட் என்பதைக் கடைசி ஐந்தாறு தேர்வுத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் தெரியும். ஏப்ரல்/மே, நவம்பர்/டிசம்பர் இரண்டையும் எடுங்கள்.

கணிதத் தாள்களில் தோற்பவர்களில் பலருக்குச் சிக்கல் அந்தத் தாளில் இல்லை. பதினொன்றாம் வகுப்பின் வகையீடு, தொகையீடு அடிப்படை ஆடுவதுதான் சிக்கல். பன்னிரண்டாம் வகுப்புக்காகவே இரண்டு வருடமும் பாடம் நடத்தும் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கு இது அதிகம். இரண்டு வாரம் அந்தப் பழைய அரசுப் பாடப்புத்தகத்தைப் போட்டுவிட்டு வந்தால் நாலாவது முயற்சியிலும் திறக்காத பாடம் திறக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரியர் நான்கைந்து சேர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்க நினைக்காதீர்கள். இந்த செமஸ்டரின் புதுப் பாடங்கள் முதலில். அவற்றில் புது அரியர் விழாமல் பார்த்துக்கொண்டு, பழையவற்றில் இரண்டு. எந்த இரண்டு? வேறொரு பாடத்துக்கு அடிப்படையாக உள்ளது ஒன்று, உள்மதிப்பீடு நன்றாக உள்ளது ஒன்று.

மறுமதிப்பீடு போடலாமா?

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நகலை அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, விடைக்குறிப்பை வைத்து எண்ணச் சொல்லுங்கள். பக்கம் திருத்தப்படாமல் விடுபட்டது, கூட்டல் தவறு, வேறு முறையில் போட்ட சரியான விடைக்குப் பூஜ்யம் போட்டது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் போடலாம். "இன்னும் இரண்டு மார்க் போட்டிருக்கலாம்" என்ற மனக்குறைக்காகப் போட்டால் பணம் போவதுதான் மிச்சம். விண்ணப்பிக்க ஒரு வாரம் அளவே தருவார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அடுத்த தேர்வுக்கும் கட்டணம் கட்டிவிடுங்கள்.

கேம்பஸில் 60% கேட்கிறார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் 56%. அவ்வளவுதானா?

பெரிய சேவை நிறுவனங்கள் பலவும் பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60%, கையில் அரியர் இல்லாமை என்று வடிகட்டுகின்றன. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைக் குறைக்க எளிய வழி அது என்பதால்தான். பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. இந்த வடிகட்டல் இல்லாத இடங்களைத் தேடுவதே வழி. சிறு நிறுவனங்கள், சென்னை, கோவை, ஓசூர் சுற்றியுள்ள உற்பத்தி ஆலைகள், முன்பு படித்த மாணவர்களின் பரிந்துரை வழியாக வரும் நேரடி நேர்காணல்கள் ஆகியவற்றில் செய்துகாட்டிய வேலைக்கு மதிப்பு அதிகம். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் பணம் கொடுத்து வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். நேர்காணலில் பேசுவதற்குப் புதிய பட்டதாரியிடம் உள்ள ஒரே சரக்கு அதுதான். "இந்தச் சென்சாரை ஏன் எடுத்தாய், அது தவறாகக் காட்டினால் என்ன செய்வாய்" என்ற இரண்டாவது கேள்வியிலேயே வாங்கிய புராஜெக்ட் வெளிப்பட்டுவிடும்.

50,000 கட்டினால் கோர்ஸ், 100% வேலை உத்தரவாதம் என்கிறார்கள். சேரலாமா?

உத்தரவாதம் என்ற சொல்லை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சம்பளத்துக்கு மேல், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று தாளில் தரமாட்டார்கள். "மூன்று நேர்காணல் ஏற்பாடு செய்வோம்" என்றுதான் இருக்கும். போன வருடம் படித்த நான்கு பேரிடம் நீங்களாகத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் எண்களில் வேண்டாம். கட்டணத்தை இ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம் என்றால் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது.

அதற்கு முன் இலவச வழியை முயன்று பாருங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8, 12 வாரம் கொண்டவை. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 இரண்டும் வந்தால்தான் சான்றிதழ். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியது, அதன் பாடங்கள் கல்லூரி வழியாகவே வருகின்றன. அதைக் கடமைக்கு முடிக்காமல், ஒன்றையாவது உருப்படியாகச் செய்யுங்கள். ஒரு 12 வாரப் பாடத்தை இலவசமாக முடிக்கும் பொறுமை வராதவருக்கு 50,000 கட்டினாலும் அந்தப் பொறுமை வருவதில்லை.

கல்விக் கடன் வாங்கப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்திய வங்கிகளின் பொது மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொந்தப் பங்கு தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராக வருவார்கள். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் முன்னுள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அதில் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3% வட்டிச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது பொருந்தாது.

பலருக்கும் புரியாத இடம் வட்டி. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வருடம் 1 லட்சம் வீதம் நான்கு வருடம், 10% தனிவட்டி என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000, இரண்டாவதுக்கு 40,000, பிறகு 30,000, 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம் அல்ல, 5.4 லட்சம். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,140. வட்டியை மட்டும் படிக்கும்போதே கட்டிவந்தால் முதல் வருடம் மாதம் 833, நாலாம் வருடம் 3,333. அப்படிக் கட்டினால் பிறகு வரும் தவணை சுமார் 5,290 தான். முழுதும் கட்ட முடியாவிட்டாலும் முதல் இரண்டு வருட வட்டியையாவது கட்டுங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழிற்கல்விப் படிப்பாகவும் இருந்தால் இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. வருமானச் சான்றிதழை வங்கிக் கிளையில் கொடுக்காததால் மட்டும் இதை இழந்தவர்கள் ஏராளம். கடன் போடும் அன்றே கொடுத்து, உங்கள் பெயர் மானியத்துக்கு ஏற்றப்பட்டதா என்று ஒவ்வொரு வருடமும் கேளுங்கள்.

கிளை மேலாளர் "உங்கள் ஊர் எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை எல்லைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு, 30 நாளில் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணைய வழியில் புகார். வாய்ப்பேச்சில் மறுத்த கிளைகள் எழுத்தில் கேட்டதும் மனம் மாறுவது வழக்கம்.

வேலை கிடைக்கவில்லை, தவணை தொடங்கிவிட்டது.

தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போங்கள். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக் கடனாகும், உங்களுக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே சிபில் மதிப்பு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) விழும். அதற்கு முன்பு கேட்டால் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க வழியுண்டு. 15 வருடம் வரை நீட்ட மாதிரித் திட்டம் இடம் தருகிறது. வசூல் ஆட்கள் அவமானப்படுத்தினால் பேசிய நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடன் தவறியது குற்ற வழக்கு அல்ல. யாரும் உங்களைக் கைது செய்ய வரமாட்டார்கள்.

ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம். கையில் எவ்வளவு வரும்?

மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு. 30,000-இல் வருட முடிவில் தரும் செயல்திறன் தொகை 3,000, நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் அதில் 4.81% கிராஜுட்டி (பணிக்கொடை) 721, மருத்துவக் காப்பீடு 500 போக மொத்தச் சம்பளம் 23,979. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி மாதத்துக்குச் சுமார் 208. கையில் 22,000-க்குச் சற்றுக் குறைவு. சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பயணம் போக ஊருக்கு என்ன அனுப்ப முடியும் என்பதை இந்தத் தொகையிலிருந்து கணக்கிடுங்கள்.

பாண்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சான்றிதழ்களையும் கேட்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. குறைந்தபட்சக் காலம் வேலை செய்வேன், முன்பே போனால் இவ்வளவு ஈடு தருவேன் என்ற ஒப்பந்தம் செல்லும். ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்று வருட, 2 லட்ச ரூபாய் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. எனவே "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். தொகை, காலம், பயிற்சிக் காலம் அதில் சேருமா, நிறுவனமே உங்களை நீக்கினால் என்ன என்ற நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் கொடுக்காதீர்கள். கல்லூரிகளுக்கும் இதே விதிதான். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் எழுதி, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

பேக்டோரில் 2 லட்சம் கட்டினால் பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை என்கிறார் ஒரு தெரிந்தவர்.

வேண்டாம். வேலைக்குப் பணம் கேட்கும் இடத்தில் வேலை இல்லை. போலி ஆஃபர் லெட்டர், மூன்று மாதம் வீட்டிலிருந்தே "பயிற்சி", பிறகு தொலைபேசி எடுக்கமாட்டார்கள். போலி அனுபவச் சான்றிதழ் இன்னும் மோசம். பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பி.எஃப். கணக்கு வரலாற்றைப் பார்ப்பார்கள், அதில் அந்த நிறுவனம் இருக்காது. ஒரு வருடம் வேலை செய்த பிறகும் நீக்கப்படலாம்.

வெளிநாடு என்றால் இன்னும் எச்சரிக்கை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம் என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். 2022-இல் தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். "போய்ச் சேர்ந்ததும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அப்ரண்டிஸ் பயிற்சி எடுத்தால் பயன் உண்டா?

அனுபவமே இல்லாதவருக்கு நிச்சயம் உண்டு. ஒரு வருடப் பயிற்சி. 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தன. பொதுத்துறை நிறுவனங்களும் போக்குவரத்துக் கழகங்களும் எடுக்கின்றன. தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் உள்ளது, பதிவு மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் தளத்தில். படித்து முடித்த உடனே பதியுங்கள், வருடம் ஏற ஏறத் தகுதி போய்விடும். முடிந்ததும் அங்கேயே நிரந்தரம் என்று எண்ணிக்கொண்டு சேர வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க வேலையை விடலாமா?

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதி கணக்கிலேயே வராது. ஆகவே 6 முதல் 10 வரையிலான தமிழ்ப் பாடப்புத்தகங்களை மூன்று தடவை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். வேலையை விடுவதற்கு முன் பழைய தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். 200-இல் 100-க்குக் கீழே வந்தால் வேலையோடே ஒரு வருடம் படிக்கலாம். 140-க்கு மேல் வந்தால் சில மாத விடுப்புக்கு அர்த்தம் உண்டு. இந்த எல்லைகள் எங்கள் கணிப்பு, ஆணையம் சொன்னவை அல்ல. இரண்டு அறிவிப்புகளில் முன்னேற்றம் தெரியாவிட்டால் முழுநேரத் தயாரிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள். இருபதுகளின் பாதி பயிற்சி மையத்திலேயே கழிந்துபோவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20% முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்று வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தை நாடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் உதவித்தொகை வருமா?

பதிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். பொதுப் பிரிவில் பட்டதாரிக்கு மாதம் 600, மூன்று வருடத்துக்கு. பொறியியல் போன்ற தொழிற்பட்டதாரிகளுக்குக் கிடையாது. பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போகும்.

முடித்த பிறகு எந்தெந்தச் சான்றிதழை வாங்கியாக வேண்டும்?

மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் அவற்றின் தொகுப்பும், தற்காலிகச் சான்றிதழ், பிறகு பட்டச் சான்றிதழ். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள் கடைசியை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டு வாய்ப்பு வரும்போது பல்கலைக்கழக வாசலில் நிற்பார்கள். டிஜிலாக்கரில் வரும் சான்றிதழ்களை இறக்கி வையுங்கள், ஆனால் தாளையும் விடாதீர்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குச் சான்றொப்பம் வாங்கும்போது பின்பக்கத்தில் முத்திரையிட வேண்டியிருக்கும்.

வீட்டில் எல்லோரும் "இன்னும் வேலை கிடைக்கலையா" என்று கேட்கிறார்கள். தூக்கம் வருவதில்லை.

இது உங்கள் பலவீனம் அல்ல. உங்களை நம்பி வீடே கடன் வாங்கியிருக்கும்போது அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தத்தான் செய்யும். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே அழையுங்கள், நம்பும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பெற்றோருக்கு ஒரு சொல்: வாரம் ஒரு நாளை ஒதுக்கி அந்த நாளில் மட்டும் வேலை பற்றிப் பேசுங்கள். மற்ற ஆறு நாளும் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

நடுவிலே படிப்பை விட்டுவிட்டேன். திரும்ப முடியுமா?

பெரும்பாலும் முடியும். நான்கு வருடப் பொறியியலை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் 7 வருடம் தருகிறது. அது தாண்டியவர்களுக்கும் சில சமயம் சிறப்புத் தேர்வு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. காலம் மீதி இருந்தால், முன்பு படித்த கல்லூரியின் முதல்வர் வழியாக மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த செமஸ்டர் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பே போங்கள். பழைய மதிப்பெண் பட்டியல்கள், கடைசியாக எழுதிய ஹால் டிக்கெட், இடைநின்றதற்கான காரணத்தைச் சொல்லும் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். இடையில் விதிமுறை மாறியிருந்தால் கூடுதலாக எந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். திரும்ப அந்தக் கல்லூரிக்கே போக மனமில்லை, வேலைக்கும் போக வேண்டும் என்பவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேறொரு பட்டம் தொடங்கலாம். சேருவதற்கு முன் அந்தப் படிப்புக்கு அந்த வருடத்தில் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அனுமதி உள்ளதா என்று மட்டும் அதன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.